வாய் ஒன்று, வாட் வேறு: டைப்-சி வந்த பிறகும் சார்ஜர் குழப்பம் தீராதது ஏன்?

செட்டிநாட்டு வீடுகளில் ஒரு காலத்தில் சாவிக்கொத்து தொங்கிய ஆணியில் இன்று சார்ஜர் வயர்கள் தொங்குகின்றன. எண்ணிப் பார்த்தால் நாலு வகையாவது இருக்கும். நோக்கியா காலத்துச் சின்ன பின், கடைக்காரர்கள் 'வி8' என்று சொல்லும் மைக்ரோ யுஎஸ்பி, ஐபோன் வயர், டைப்-சி. போதாததற்கு, கல்யாணத்துக்கு வந்த சிங்கப்பூர்ச் சொந்தக்காரர்கள் மறந்துவிட்டுப் போன சதுரப் பின் அடாப்டர் ஒன்றும் கிடக்கும். அது நம் சுவிட்ச் போர்டில் எந்த ஓட்டையிலும் நுழையாது.

'இனி எல்லாப் போனுக்கும் ஒரே சார்ஜர்' என்று செய்தி வந்தபோது அந்த ஆணி காலியாகிவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆகவில்லை. புதுக் கேள்விகள்தான் கிளம்பியிருக்கின்றன. இரண்டு சார்ஜரும் டைப்-சி. ஒன்றில் ஒரு மணி நேரத்தில் ஏறும் போன் இன்னொன்றில் மூன்று மணி நேரம் எடுப்பது ஏன்? லேப்டாப்பிலும் அதே ஓட்டைதானே, போன் சார்ஜரில் அது ஏன் ஏற மறுக்கிறது? புதிதாக வாங்கிய டார்ச் லைட்டில் போன் வயர் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் சார்ஜ் ஏறுவதற்கான சிவப்புப் புள்ளிகூட எரியவில்லையே?

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். டைப்-சி என்பது வாயின் வடிவத்துக்கு வைத்த பெயர். அந்த வாய் வழியாக எவ்வளவு மின்சாரம் போகும் என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

'சார்ஜர்' என்ற ஒரு சொல்லுக்குள் நாலு சங்கதி

காரைக்குடிக் கடைத்தெருவில் 'ஒரு சார்ஜர் கொடுங்க' என்று கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: 'கட்டையா, வயரா, செட்டா?' சரியான கேள்வி. அதையே கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

1. அடாப்டர். சுவரில் செருகும் கட்டை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை 5, 9, 20 வோல்ட் போன்ற சிறிய டிசி மின்சாரமாக மாற்றுவது இதன் வேலை.

2. வயர். இரண்டு முனைகள், உள்ளே செம்புக் கம்பிகள். அதிக சக்தி கடத்தும் வயர்களில் ஒரு சிறிய சிப்பும் இருக்கும்.

3. ஜாக். போனில் இருக்கும் ஓட்டை.

4. பேச்சு. அடாப்டரும் போனும் 'என்னிடம் இவ்வளவு இருக்கிறது', 'எனக்கு இவ்வளவு போதும்' என்று தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். கண்ணுக்குத் தெரியாது. பழைய பின் சார்ஜர்களில் இது இல்லவே இல்லை. சி-யில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

ஐந்தாவதாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பேட்டரியை உண்மையில் சார்ஜ் செய்யும் சர்க்யூட் போனுக்குள் இருக்கிறது. சுவரில் செருகுவது வெறும் மின்சாரம் தரும் கட்டை. ஆக அதற்குச் 'சார்ஜர்' என்ற பெயரே பொருத்தமில்லை. ஆனால் ஊர் வழக்கோடு யார் சண்டை போடுவது? இந்தக் கட்டுரையிலும் அங்கங்கே அப்படித்தான் வரும்.

பின் முதல் சி வரை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஓட்டை. நோக்கியாவில் முதலில் 3.5 மில்லிமீட்டர் தடித்த பின், பிறகு 2 மில்லிமீட்டர் சின்ன பின். சோனி எரிக்சனுக்கு வேறு, சாம்சங்குக்கு வேறு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய பூட்டு சாவிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும். எல்லாம் நல்ல இரும்பு. ஆனால் ஒரு வீட்டுச் சாவி அடுத்த வீட்டுப் பூட்டைத் திறக்காது.

2007-இல் மைக்ரோ யுஎஸ்பி அறிவிக்கப்பட்டது. 2009-இல் ஐரோப்பிய ஆணையத்தின் தூண்டுதலால் பெரிய போன் நிறுவனங்கள் அதைப் பொது வாயாக ஏற்பதாகக் கையெழுத்திட்டன. அது சட்டம் அல்ல, தாங்களாக ஒப்புக்கொண்ட உடன்பாடு. ஆப்பிளும் கையெழுத்திட்டது. ஆனால் போனை மாற்றாமல், ஒரு சின்ன மாற்றுமுனையைக் கொடுத்துக் கடமையை முடித்துக்கொண்டது. 2012-இல் ஐபோன் 5 வந்தபோது லைட்னிங் என்ற தன் சொந்த வாயை அறிமுகப்படுத்தியது.

டைப்-சிக்கான விதிமுறை 2014 ஆகஸ்டில் முடிவானது. ஆண்ட்ராய்டு போன்கள் மெல்ல மெல்ல அதற்கு மாறின. ஐபோன் மாறியது 2023 செப்டம்பரில், ஐபோன் 15-இல்.

வாயின் அமைப்பில் என்ன மாறியது?

மைக்ரோவில் ஐந்து தொடுமுனைகள்: மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு, எந்தக் கருவி செருகப்பட்டிருக்கிறது என்று அடையாளம் காண ஒன்று. லைட்னிங் முனையில் பக்கத்துக்கு எட்டு. டைப்-சியில் மொத்தம் 24. இந்த 24-இல் மின்சாரத்துக்கே எட்டு, அதாவது போக நாலு, வர நாலு. பாரம் பல தூண்களில் இறங்குவது மாதிரி, மின்னோட்டம் பிரிந்து போவதால் ஒரு முனை மட்டும் சூடேறுவது குறைகிறது.

மைக்ரோவைப் பற்றி ஒரு பழி உண்டு: 'அது சீக்கிரம் லூஸ் ஆகிவிடும்.' பழியில் பாதிதான் நியாயம். விதிப்படி மைக்ரோ, சி இரண்டுமே 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை என்றாலும் ஒன்பது வருடம் வரும். தேயும் ஸ்பிரிங் இரண்டிலுமே போனில் இல்லை, வயரின் முனையில்தான் இருக்கிறது. தேய்ந்தால் வயரை மாற்றினால் போதும் என்று யோசித்துத்தான் அப்படி வைத்தார்கள்.

பிறகு ஏன் இத்தனை மைக்ரோ ஜாக்குகள் ரிப்பேர் கடைக்கு வந்தன? இருட்டில் தலைகீழாகச் செருகி அமுக்குவதால். மைக்ரோ வாய்க்கு மேல் கீழ் உண்டு. உள்ளே இருக்கும் நாக்கு மெல்லியது. கரண்ட் போன இரவில் ஒரு முறை பலமாக அமுக்கினால் 10,000 கணக்கெல்லாம் முடிந்தது. டைப்-சி தீர்த்துவைத்த பெரிய தொல்லை இதுதான். வேகத்தைவிட இதைத்தான் முதலில் பாராட்டுவேன்.

லைட்னிங் இதற்கு நேர்மாறு. அதன் வயர் முனை கெட்டியான ஒற்றைத் தகடு, ஸ்பிரிங்குகள் போனுக்குள். முனையைத் துடைப்பது எளிது, உடைவதும் அரிது. வடிவமைப்பாக மட்டும் பார்த்தால் லைட்னிங் அழகான வேலை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது ஒரே நிறுவனத்தின் அனுமதிக்குள் அடைபட்டிருந்தது.

சி வாயின் பலவீனம் தூசி. நடுவில் நாக்கு, சுற்றிலும் குறுகிய பள்ளம். சட்டைப் பையின் பஞ்சு, வேட்டி மடிப்பின் நூல், நம் பக்கத்துச் செம்மண் புழுதி எல்லாம் அடியில் போய்ப் படிந்து, ஒவ்வொரு செருகலிலும் இறுகிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் வயர் முழுதாக உள்ளே போகாது. 'ஜாக் போச்சு' என்று சொல்வதற்கு முன் போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். ஊசியோ சேஃப்டி பின்னோ வேண்டாம்.

வாட் கணக்கு: சின்னப் பெருக்கல்தான்

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று ஒரு வரி இருக்கும். '5 வோல்ட், 3 ஆம்பியர். 9 வோல்ட், 2.22 ஆம்பியர்' என்று எழுதியிருந்தால் அது 15 வாட்டும் தரும், 20 வாட்டும் தரும்.

பழைய கம்ப்யூட்டரின் யுஎஸ்பி ஓட்டை தந்தது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். இன்றைய 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் சுமார் 19 வாட் மணி சக்தி அடங்கும். அந்த ஓட்டையில் போட்டால் விடிய விடிய ஏறும். 2010-இல் வந்த விதி ஒன்று இதை 1.5 ஆம்பியராக, அதாவது 7.5 வாட்டாக உயர்த்தியது. டைப்-சியில் பெரிய பேச்சு எதுவும் இல்லாமலே 15 வாட் வரை போகலாம்.

அதற்கு மேல் போக ஆம்பியரைக் கூட்டுவதா, வோல்ட்டைக் கூட்டுவதா? ஆம்பியரைக் கூட்டினால் வயர் சூடாகும். அந்தச் சூடு மின்னோட்டத்தின் வர்க்கமாக ஏறும். 20 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்ப 4 ஆம்பியர் வேண்டும்; 20 வோல்ட்டில் அனுப்ப 1 ஆம்பியர் போதும். ஒரே வயரில் முதல் வழியில் வீணாகும் சூடு இரண்டாவதைப் போலப் பதினாறு மடங்கு. அதனால்தான் வோல்ட்டைக் கூட்டுகிறார்கள். ஊருக்கு ஊர் மின்சாரத்தை உயர் அழுத்தக் கம்பியில் கொண்டுவருவதும் இதே கணக்கில்தான்.

ஆனால் 5 வோல்ட்டுக்கு ஆன ஒரு பொருளில் 20 வோல்ட் பாய்ந்தால் அது செத்துப்போகும். எனவே கேட்காமல் கொடுக்கக் கூடாது. இங்கேதான் பேச்சு தேவைப்படுகிறது.

கேட்டுப் பரிமாறும் வாய்

பழைய தட்டையான யுஎஸ்பி-ஏ ஓட்டையில் எப்போதும் 5 வோல்ட் நிற்கும். எதைச் செருகினாலும் கொடுக்கும். சி அடாப்டர் அப்படி இல்லை. எதுவும் செருகாதபோது அதன் மின்சார முனைகள் வெறுமையாகவே இருக்கும். எதிர்முனையில் ஒரு கருவி இருக்கிறது என்று உறுதியான பிறகே 5 வோல்ட் வரும்.

உறுதி எப்படி? 24 முனைகளில் இரண்டு இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. போனுக்குள் அந்த இரண்டிலும் 5.1 கிலோ ஓம் மதிப்புள்ள ஆளுக்கொரு ரெசிஸ்டர், அதாவது மின்னோட்டத்தைத் தடுக்கும் சின்னப் பாகம், இருக்கும். அது தட்டுப்பட்டால் எதிரில் கருவி இருக்கிறது என்று அடாப்டர் புரிந்துகொள்ளும். வயரில் இதற்கான கம்பி ஒன்றே ஒன்று. அந்தக் கம்பி மேல் முனையைத் தொடுகிறதா, கீழ் முனையைத் தொடுகிறதா என்பதை வைத்து வயர் எந்தப் பக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது என்றும் கருவிக்குத் தெரிந்துவிடும். எப்படிச் செருகினாலும் வேலை செய்வதன் ரகசியம் இதுதான்.

இப்போது டார்ச் லைட்டுக்கு வருவோம். மலிவான டார்ச், டிரிம்மர், கழுத்தில் மாட்டும் புளூடூத், கொசு பேட் ஆகியவற்றில் சில தயாரிப்பாளர்கள் சி ஓட்டையை மட்டும் வைத்துவிட்டு, சில காசு பெறும் அந்த இரண்டு ரெசிஸ்டர்களை விட்டுவிடுகிறார்கள். இருபுறமும் சி உள்ள வயரில் போட்டால் அடாப்டர் தேடுகிறது, எதிரில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை, மின்சாரம் தர மறுக்கிறது. அதே டார்ச்சை ஒரு முனை தட்டையான ஏ, மறுமுனை சி உள்ள பழைய வயரில் போட்டால் ஏறிவிடும். ஏ ஓட்டைதான் கேள்வி கேட்காமல் கொடுக்குமே. டார்ச்சும் கெடவில்லை, சார்ஜரும் கெடவில்லை. சரியாகச் சொன்னால் அந்த டார்ச்சில் இருப்பது சி வாய் மாதிரி ஒரு ஓட்டை, அவ்வளவுதான்.

ஆள் இருப்பது தெரிந்ததும் அடுத்த கட்டம். இதற்குப் பவர் டெலிவரி என்று பெயர்; கடைகளில் பிடி என்பார்கள். செட்டிநாட்டுப் பந்தியில் பரிமாறுகிறவர் இலையில் தானாகக் கொட்டிவிட்டுப் போவதில்லை. 'வெள்ளைப் பணியாரம் இருக்கு, கந்தரப்பம் இருக்கு, உக்காரை இருக்கு' என்பார். கை காட்டுவதை வைப்பார். அடாப்டரும் அப்படியே '5 வோல்ட் இருக்கிறது, 9 இருக்கிறது, 15 இருக்கிறது, 20 இருக்கிறது' என்று பட்டியல் சொல்லும். போன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதற்குப் பிறகே வோல்ட் ஏறும். உங்கள் லேப்டாப் 20 வோல்ட் கேட்டு, 20 வாட் போன் அடாப்டரிடம் பட்டியல் 9 வோல்ட்டோடு நின்றுவிட்டால், லேப்டாப் வேண்டாம் என்று ஒதுங்கிவிடும், அல்லது பெயருக்குக் கொஞ்சம் ஏறும்.

வயரிலும் ஏற்றத்தாழ்வு

இருபுறமும் சி உள்ள முறையான வயர் எதுவும் 3 ஆம்பியர் தாங்க வேண்டும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் 5 ஆம்பியர் கடத்த வேண்டுமானால் வயரின் முனையில் 'நான் 5 ஆம்பியர் தாங்குவேன்' என்று அறிவிக்கும் சிப் கட்டாயம். சிப் இல்லையென்றால் அடாப்டர் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 2021-இல் வந்த பவர் டெலிவரி 3.1 விதி உச்சத்தை 48 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 240 வாட் வரை கொண்டுபோனது.

தகவல் வேகம் தனிக் கதை. சார்ஜ் வேகமாக ஏற்றும் வயர் போட்டோவையும் வேகமாக மாற்றும் என்று நினைக்க வேண்டாம். போனோடு வரும் வயர்கள் பலவும் யுஎஸ்பி 2.0 காலத்து 480 மெகாபிட் வேகத்தில்தான் ஓடுகின்றன. ஐபோன் 15-இன் ஓட்டையே அவ்வளவுதான். 15 புரோவில் 10 கிகாபிட். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வாய்.

மலிவு வயரில் ஆபத்தும் உண்டு. ஏ முனையிலிருந்து சி முனைக்குப் போகும் வயருக்குள் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். 'எதிரில் பழைய ஓட்டை, அளவோடு எடு' என்று போனுக்குச் சொல்வது அது. அந்த இடத்தில் 10 கிலோ ஓம் வைத்துவிட்டால் எதிரில் 3 ஆம்பியர் இருப்பதாக நம்பி போன் இழுக்கும். பலவீனமான ஓட்டை சூடாகிக் கெடும். 2015-இல் பென்சன் லியூங் என்ற கூகுள் பொறியாளர் இணையத்தில் விற்ற வயர்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து இந்தத் தவறை அம்பலப்படுத்தினார். சோதனையின் நடுவே ஒரு தவறான வயர் அவருடைய லேப்டாப்பையே கெடுத்தது.

'80 வாட்' என்று பெட்டியில் போட்டிருக்கிறதே?

அது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்தப் பேச்சு. அதே நிறுவனத்தின் அடாப்டர், அதே நிறுவனத்தின் வயர், அதே நிறுவனத்தின் போன் மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வேகம். வேறு நல்ல பிடி அடாப்டரில் போட்டால் போன் பொது மொழிக்கு இறங்கும். வேகம் கால்வாசிக்கும் கீழே போகலாம். போன் கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கும் மூன்று மணி நேரத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கிருந்துதான் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2022-இல் நிறைவேறியது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், கையடக்க ஸ்பீக்கர் முதலியவற்றுக்கு டைப்-சி கட்டாயம். லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தார்கள்.

செய்திகளில் அதிகம் வராத பாதி ஒன்று இந்த விதியில் இருக்கிறது. 15 வாட்டுக்கு மேல் ஏறும் கருவிகள் பவர் டெலிவரி மொழியையும் பேசியாக வேண்டும். சொந்த மொழி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது பொது மொழியை முடக்கக் கூடாது. என் கணக்கில் வாயை ஒன்றாக்கியதைவிட இது பெரிய காரியம். வாங்குபவர் விரும்பினால் அடாப்டர் இல்லாமல் போனை மட்டும் வாங்கவும் வழி வைக்கச் சொல்கிறது அதே விதி.

இந்தியாவில் 2022 நவம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை கூட்டிய கூட்டத்தில் டைப்-சிக்குப் படிப்படியாக மாறலாம் என்று கருத்து ஒருமித்தது. 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) டைப்-சிக்கான தரநிலையை வெளியிட்டது. தரநிலை வெளியிடுவது வேறு, கட்டாயமாக்குவது வேறு. செய்தியைப் படிக்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கையில் இருக்கும் பழைய போனைப் பயன்படுத்த எந்த நாட்டிலும் தடை இல்லை.

பெரிய சார்ஜரில் சின்னப் போனைப் போட்டால் பேட்டரி கெடுமா?

கெடாது. அடாப்டர் மின்சாரத்தைத் தள்ளுவதில்லை, போன்தான் இழுக்கிறது. ஊருணி நிறையத் தண்ணீர் இருந்தாலும் குடம் கொள்வது குடத்தளவுதான். 65 வாட் லேப்டாப் அடாப்டரில் 10 வாட் போனைப் போட்டால் 10 வாட் ஏறும்.

பேட்டரியைக் கெடுப்பது சூடு. லித்தியம் அயான் பேட்டரி முதலில் வேகமாக வாங்கும். பேட்டரி நிரம்ப நிரம்ப, போனுக்குள் இருக்கும் சர்க்யூட் மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தி, மின்னோட்டத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே போகும். கடைசி இருபது சதவீதம் இழுத்தடிப்பது அதனால்தான். மெத்தை மேல், தலையணைக்கு அடியில் வைத்து ஏற்றினால் சூடு வெளியேற வழியில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இதற்கு நல்ல இடம்.

பேட்டரி என்ற சங்கதி காரைக்குடிக்குப் புதிதும் அல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. லித்தியம் பேட்டரி ஆய்வு அதன் முக்கியப் பணிகளில் ஒன்று.

ஆணியில் எதை விடலாம், எதை எடுக்கலாம்?

புது அடாப்டர் வாங்கும்போது வாயைப் பார்க்காமல் முதுகைப் பாருங்கள். அவுட்புட் வரியில் 5 வோல்ட்டோடு 9 வோல்ட்டும் இருக்கிறதா, பிடி என்று போட்டிருக்கிறதா, 'ஆர்' என்ற எழுத்தும் எட்டு இலக்கங்களும் கொண்ட பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். லேப்டாப்புக்கும் சேர்த்து என்றால் 20 வோல்ட் வரி இருக்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா அடாப்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதன் முதுகில் 'இன்புட் 100–240 வோல்ட்' என்று இருந்தால் நம் மின்சாரத்துக்கு அது சரி. ஒரு பின் மாற்றி வாங்கினால் வேலை முடிந்தது. அந்த நாடுகளிலும் 230 வோல்ட்தான், சுவரின் ஓட்டை மட்டும் வேறு.

ஒரு முனை ஏ, மறுமுனை சி உள்ள வயரில் ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், டார்ச்சுக்கு வேண்டும். பட்டன் போனும் பழைய டிரிம்மரும் இருக்கும்வரை வி8-க்கும் வேலை இருக்கிறது. ஐபோன் 14 வரை வீட்டில் யார் கையிலாவது இருந்தால் லைட்னிங்கும் இருக்கட்டும். நோக்கியா சின்ன பின்னை எறிவதற்கு முன், அந்தப் போன் இன்னும் ஆன் ஆகிறதா என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள். அப்பத்தா சேர்த்து வைத்த பர்மா, பினாங்கு உறவுக்காரர்களின் நம்பர்கள் அதில் மட்டும்தான் இருக்கக்கூடும்.